சித்திரை வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, போன வருஷம் சித்திரை மாதத்தில், ஊரே வெந்துகொண்டிருந்தபோது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஃபேனை நிறுத்தச் சொன்னதால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவ்வளவு புழுக்கம். அந்தப் பெண் நான்தான். என் பெயர் ஜெயசெல்வி.

என் கணவர் ஜெபராஜ் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே மகள் ஷைனி, கல்லூரியில் படிக்கிறாள். வண்ணார்பேட்டைப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு தாழ்வான தெருவில் எங்கள் வாடகை வீடு. நான் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள். அப்போது நல்ல தாட்டியான உடம்பு எனக்கு. ஒரு சேலையை என் தோளில் விரித்துப் போட்டுக் காட்டினால் வந்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டு போவார்கள்.

அதற்கு முந்தின ஆடியில் வயிற்று வலி வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். சாப்பிட்டால் வயிற்றை முறுக்கிப் பிழியும். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, குடலில் காசநோய் என்றார்கள். “அது நெஞ்சுலதான வரும்?” என்று என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மாதக்கணக்கில் மாத்திரை. ஒவ்வொரு கவளமும் வலியோடுதான் உள்ளே போனது. பிறகு கவளத்தைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொண்டது.

பங்குனியில் டாக்டரம்மா, “நோய் போயிருச்சும்மா, இனிமே மாத்திரை வேண்டாம்” என்று சிரித்தபடி சொன்னார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். எழுபது கிலோவுக்கு மேல் இருந்தவள் நாற்பதுக்கும் கீழே போயிருந்தேன். வளையல் முழங்கை வரை ஏறியது. நோய் போய்விட்டதென்று சந்தோஷப்படக்கூட என்னிடம் தெம்பில்லை.

அப்போதுதான் குளிர் ஆரம்பித்தது. முதலில் முதுகில். பிறகு கை, கால். குழாய்த் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. தண்ணீர் குடிக்கிற டம்ளரைத் துணி சுற்றித்தான் பிடிப்பேன். தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. நடுமத்தியானத்தில் எல்லாரும் நிழலைத் தேடும்போது நான் மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்திருப்பேன். தோல் சுடும். உள்ளே எலும்பு மட்டும் சில்லென்றே இருக்கும்.

டாக்டரம்மாவிடம் மறுபடியும் போனேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இது புது நோய் இல்லம்மா. தோலுக்கு அடியில இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சு போயிட்டு. சதையும் இல்ல. ஒடம்புச் சூட்டப் பிடிச்சு வைக்க என்ன இருக்கு? சாப்பிட்டாத்தான் சூடே உண்டாகும். நீங்க சாப்பிடுங்க, எல்லாம் பைய வரும்.”

“சாப்பாடு எறங்கலயே டாக்டர்.”

“எறங்காதுன்னு பயந்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா எறங்கும்?”

அவர் சொன்னது சரிதான். ஆனால் பயத்துக்கு மாத்திரை இல்லையே. தட்டின் முன்னால் உட்காருவேன். இரண்டு வாய் வைப்பேன். மூன்றாவது வாய்க்கு எல்லாம் திரும்பி வந்துவிடும்.

வேலைக்குத் திரும்பிப் போனேன். கடை முழுக்க ஏசி. முன்பு அந்தக் குளிர்ச்சிக்காகவே வேலைக்குப் போகப் பிடிக்கும். இப்போது ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு பட்டுச்சேலை காட்டினேன். விரல் விறைத்து மடிப்பைப் பிரிக்க வராது. ஒரு நாள் மேலாளர் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யம்மா, தப்பா நெனைக்காத. கல்யாணத்துக்குச் சேல எடுக்க வாரவங்க, இந்த அம்மாவுக்கு என்ன சீக்குன்னு கேக்காங்க. ஒடம்பத் தேத்திட்டு வா. இடம் இருந்தா நானே கூப்பிடுதேன்.”

நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வெயிலில் நின்றபோது கொஞ்சம் இதமாக இருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நன்மை.

வீட்டில் ஃபேன் போட முடியாது. பட்டறையில் இரும்புச் சூட்டில் நின்றுவிட்டு வருகிற மனிதர், தன் வீட்டில் காற்றில்லாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். ஷைனி புத்தகத்தைப் பாதி நேரம் விசிறியாக்கித்தான் படித்தாள். “ஃபேனப் போட்டுக்கிடு மக்கா” என்றால், “எனக்கு வேர்க்கவே இல்லம்மா” என்பாள். அவள் கழுத்திலிருந்து வேர்வை வழியும். என்னால் இரண்டு பேர் கஷ்டப்படுகிறார்கள் என்ற நினைப்பு, குளிரைவிட மோசமாக என்னைத் தின்றது.

சபையில் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். நம் சபை எஸ்தர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். நானும் அழுது ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஆவணிக்குப் பிறகு என் ஜெபம் மாறிவிட்டது. “என்னை எடுத்துக்கொள்ளும்” என்பது மட்டுமே ஜெபமாக இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அதுவும் நின்றுபோனது. எல்லாரும் ஜெபிக்கும்போது நானும் கண்ணை மூடுவேன். உள்ளே ஒரு சொல்லும் இருக்காது. ஆண்டவர் இருக்கிறார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நம்பிக்கை இல்லாமல் இருப்பது எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியும். அதில் அழுகைகூட வராது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்தப் பெருமழை பிடித்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் கொட்டியது. மறுநாள் காலையில் சாக்கடைத் தண்ணீர் வாசலுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆற்றுத் தண்ணீரே செம்மண் நிறத்தில் தெருவுக்குள் வந்துவிட்டது. கட்டில் மூழ்கியது. மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்க் கதவு பூட்டிக் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். கையில் கிடைத்த ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டோம். காற்று அதையும் பிடுங்கியது. உலர்ந்த துணி என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை.

முதலில் பல் கிட்டிக்கொண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஷைனி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று அழுதாள். பிறகு நடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது. சுகமாகக்கூட இருந்தது. அப்பாடா, நன்றாகிவிட்டது என்று நினைத்தேன். அது உயிர் போகும் பாதை என்று பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும்.

“செல்வி, கண்ண மூடாத. ஏளா, என்னப் பாரு. என்னப் பாருளா!” என்று கணவர் என் கன்னத்தில் தட்டினார். அவர் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அந்த நேரம், இத்தனை மாதமாக வாயில் வராத ஜெபம் தானாக வந்தது. பெரிய ஜெபம் இல்லை. ஸ்தோத்திரம் இல்லை, ஆமென்கூட இல்லை. “ஆண்டவரே, குளுருது” என்றேன். அவ்வளவுதான்.

நான் சொன்னது ஷைனிக்குக் கேட்டிருக்கிறது. அவள் நிமிர்ந்து நாலாபக்கமும் பார்த்தாள்.

“அப்பா, அங்கன பாருங்க. பொகை வருது!”

தெரு முனையில் மேடு ஏறுகிற இடத்தில் காதர் அண்ணாச்சியின் ரொட்டிக்கடை. அதன் புகைக்குழாயிலிருந்து மழைக்குள்ளும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவருடையது விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு. எங்களுக்கும் அவருக்கும் ரஸ்க் வாங்குகிற பழக்கம் மட்டும்தான்.

என் கணவர் ஒன்றும் யோசிக்கவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேல் இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஷைனி அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். கண்ணாடியில் பார்த்து நான் அழுத அந்த எலும்புக்கூட்டு உடம்பாக இருந்ததால்தான் அவரால் என்னைத் தூக்க முடிந்தது. பழைய உடம்போடு இருந்திருந்தால் மூன்று பேரும் தண்ணீரில் போயிருப்போம்.

“யாருவே அது? என்ன ஆச்சு?” என்று காதர் அண்ணாச்சி வாசலில் சத்தம் போட்டார். என்னைப் பார்த்ததும், “உள்ள கொண்டாரும், அடுப்படிக்கு! பாத்திமா, ஏ பாத்திமா!” என்று உள்ளே ஓடினார்.

அவர் மனைவி பாத்திமா மதினி ஆண்களை வெளியே அனுப்பினார். ஈரச்சேலையை உருவிவிட்டுத் தன் நைட்டியைப் போட்டுவிட்டார். அடுப்போரம் காய்ந்து கதகதவென்று கிடந்த மைதாச் சாக்குகளை என் மேல் அடுக்கினார். அடுப்பின் பக்கச் சுவரில், சுடாமல் இதமாக இருந்த இடமாகப் பார்த்து என் முதுகைச் சாய்த்து வைத்தார். ஷைனி என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து எனக்கு மறுபடி நடுக்கம் வந்தது. “நடுங்குதா? நல்லது, நடுங்கட்டும்” என்றார் மதினி. எலும்புவரைக்கும் சூடு இறங்கியது அன்றைக்குத்தான். சித்திரை வெயில் செய்யாததை அந்தச் செங்கல் சுவர் செய்தது.

மதினி கடுங்காப்பியில் பன்னைப் பிய்த்து நனைத்து நீட்டினார்.

“வேண்டாம் மதினி. வாந்தி வந்துரும்.”

“வந்தா வரட்டும் பிள்ள. தொடைக்கதுக்குச் சாக்கா இல்ல இங்கன?”

சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தேன். ஒரு துண்டு இறங்கியது. இரண்டாவது இறங்கியது. நான் காத்திருந்தேன், திரும்பி வரவில்லை. “இன்னும் கொஞ்சம் தாங்க” என்று நானே கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற என் கணவர் அதைக் கேட்டுச் சத்தம் போட்டு அழுதுவிட்டார்.

பிறகு அவர் காதர் அண்ணாச்சியிடம், “இந்த மழையில எதுக்கு அண்ணாச்சி அடுப்பு மூட்டுனீங்க?” என்று கேட்டார்.

“அதத்தான் இவளும் கேட்டு வையுதா. நேத்துப் பிசைஞ்ச மாவு பொங்கிக் கெடந்துச்சு. கடைக்கு யாரு வரப்போறான்னு நானும் மொதல்ல சும்மாதான் இருந்தேன். விடியக்கருக்கல்ல என்னமோ மனசு கேக்கல. ரெண்டு விறகப் போடுவோம்னு தோணிச்சு. போட்டேன்.”

கவனியுங்கள். நான் ஜெபித்தது அதற்கு எவ்வளவோ நேரம் கழித்து. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விறகு எரிந்துகொண்டிருந்தது. சுவர் சூடாகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தவர், அப்போது எனக்காக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். தண்ணீர் வடிந்தபோது வீட்டில் சேறுதான் இருந்தது. பட்டறையிலும் தண்ணீர் புகுந்து என் கணவருக்கு வெகுநாள் வேலையில்லை. எனக்குச் சளிக்காய்ச்சல் வந்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆனால் சாப்பாட்டின் மேலிருந்த பயம் அந்த அடுப்படியிலேயே உடைந்துவிட்டது. ஒரு நாள் அரைத் தோசை, இன்னொரு நாள் கொஞ்சம் கூட. சில நாள் ஒன்றும் இறங்காது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, “ஏறுதும்மா, பைய ஏறுது” என்கிறார்.

இப்போது காலை வேளையில் காதர் அண்ணாச்சி கடையில் ரொட்டி அடுக்கிக் கட்டுகிற வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் எஸ்தர் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், இளைத்துப்போய்ப் படுத்திருக்கிறவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன். முதலில் அவர்கள் கால் தெரிகிறதா என்று பார்த்துப் போர்வையை இழுத்து மூடிவிடுவேன். பிறகுதான் ஜெபம். இன்னும் எனக்குக் குளிர்கிறது. மற்றவர்களுக்குக் குளிராதபோதும் குளிர்கிறது. அடுத்த மார்கழியை நினைத்தால் பயம்தான்.

பிரியமானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஜெபிக்கச் சொல்லில்லாமல் இருக்கலாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டிருக்கலாம். அழகான ஜெபத்தைத் தேட வேண்டாம். உங்களுக்கு எது வலிக்கிறதோ அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அவர் செய்கிற வேலை நாம் இருக்கும் இடத்திலிருந்து தெரியாமல் இருக்கலாம். புகை தெரியும்வரை எனக்கும் தெரியவில்லை.

இதை எழுதி முடிக்கிற இந்த நேரம் எனக்குப் பசிக்கிறது. பசிக்க வைத்தவருக்கு என் நன்றி. நான் சாப்பிடப் போகிறேன்.