ஒரு கை எமரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஜியாவுல்லாவும் அவர் மகள் சதஃபும் ஒரு வேனில் மலையைச் சுற்றினார்கள். கும்பிடுவதற்காக அல்ல. இஞ்சினைப் பிரித்துக் கட்டிய எந்த வண்டியையும் ஜியாவுல்லா நேராகச் சொந்தக்காரரிடம் கொடுப்பதில்லை. ஆள் ஏற்றாமல், சரக்கு ஏற்றாமல், கிரிவலப் பாதையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும். பெரிய ஏற்றம் கிடையாது, பௌர்ணமி தவிர மற்ற நாளில் கூட்டமும் கிடையாது, நிறுத்திக் காது கொடுத்துக் கேட்க நினைத்த இடத்திலெல்லாம் ஒரு டீக்கடை. இஞ்சினுக்கு இதைவிடத் தோதான பாதை ஜில்லாவிலேயே இல்லை என்பார்.

ஆதி அண்ணாமலையில் வழக்கமான டீக்கடை. கடைக்காரர் வேனைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"என்னா பாய், இன்னிக்கு எந்த இஞ்சினுக்கு மோட்சம்?"

"கீழ்பென்னாத்தூர் வண்டி. டீ போடு. எனக்குச் சக்கரை கம்மி, பொண்ணுக்கு ஜாஸ்தி."

"உங்களுக்கு எப்ப பாய்? இந்த ஊர்ல அதிகமா சுத்தினது நீங்கதான்."

"நான் உக்காந்துகினு இல்ல சுத்தறேன்? புண்ணியமெல்லாம் டயருக்குப் போயிடுது."

வீட்டில் அவர்கள் பேசுவது உருது. வண்டியில் ஏறினால் தமிழ்; அப்பாவைக் கூப்பிடும் ‘பாவா’ மட்டும் மாறாது. இஞ்சின் சமாச்சாரம் இருவருக்கும் தமிழில்தான் வரும்.

"சத்தமே இல்ல பாவா," என்றாள் சதஃப், வண்டி மறுபடி கிளம்பியதும்.

"எப்பிடி இருக்கும்? ஷெல்லு மங்கலா இருந்துச்சு. எமரிப் பேப்பர் எடுத்து ஒரு கை தேய்ச்சேன். இப்ப கண்ணாடி."

சதஃப் அவர் பக்கம் திரும்பினாள்.

அவளுக்குச் சென்னையில் பேரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் வேலை; ஒரு வார விடுமுறையில் வந்திருந்தாள். இஞ்சினின் கிராங்க் தண்டு அரை வட்டத் தகடுகளுக்கு நடுவே சுற்றுகிறது. அவைதான் பேரிங்; பட்டறையில் ஷெல் என்பார்கள். பார்வைக்கு ஒரே தகடு. உண்மையில் அடுக்குகள். முதுகில் எஃகு, அதன்மேல் வெண்கலம், தண்டைத் தொடும் பக்கத்தில் மென்மையான ஒரு பூச்சு. இஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு முறையும் சுமை ஏறி இறங்கும். கோடிக் கணக்கில் ஏறி இறங்கினால் உலோகமும் களைத்துப்போகும். களைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அது எங்கே விழுகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"அந்த மங்கல்தான் பாவா பூச்சு," என்றாள்.

"எவ்ளோ கனம்?"

"உங்க கைரேகையில இருக்கற பள்ளம் அதைவிட ஆழம்."

ஜியாவுல்லா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"லாரிக்கெல்லாம் போட்டிருக்கேனே. ஒண்ணும் ஆவலையே."

"அது பழைய காலத்து ஷெல்லு. பூச்சு கனமா இருக்கும், சுரண்டினாதான் உக்காரும். இது அளவாவே வருது. தேய்ச்சா மேடு பள்ளம் ஆயிடும். மேட்டுல மட்டும் சுமை உக்காரும்."

"போயிடுமா?"

"உடனே போவாது. வெறும் வண்டியா ஓடினா ஒண்ணும் தெரியாது. ஆளு ஏத்தி ஓட்டினா மேட்டுல விரிசல் வரும். நேரா கீழ இறங்கும். எஃகு கிட்ட போனதும் திரும்பிப் பக்கவாட்டுல ஓடும். ரெண்டு விரிசல் சேந்தா நடுவுல இருக்கறது பேந்துக்கும்."

"அப்புறம் கிராங்க் பிடிச்சிக்கும். ஓடற வண்டி அப்பிடியே நின்னுடும்."

"ஆமா."

காஞ்சி ரோடு வந்ததும் அவர் வேகத்தை இன்னும் குறைத்தார். அது கீழ்பென்னாத்தூர் ராஜேந்திரனின் வண்டி. காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்; பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம்.

"கழட்டிடலாம்," என்றார். "ராஜேந்திரன்கிட்ட நான் சொல்லிக்கறேன். என் கைத் தப்பு, நான்தான் சொல்லணும். நீ சொல்லாத."

"சரி பாவா."

ஜியாவுல்லா அந்தத் தப்பைச் சோம்பலில் செய்யவில்லை. மீசை முளைக்கும் முன்பே வேலூரில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தவர். அங்கே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஷெல் சுரண்டுவதுதான். தண்டில் நீல மை தடவி, ஷெல்லில் வைத்துச் சுற்றி, மை ஒட்டிய மேட்டைச் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி, ஷெல் முழுக்க நீலம் பரவும்வரை உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். அந்தப் பொறுமை கையில் தங்கிவிட்டது. சுரண்டத் தேவையில்லாத ஷெல்கள் வந்த பிறகும், எதையும் தொடாமல் அப்படியே மாட்டுவது அவருக்கு அரைகுறை வேலையாகவே பட்டது.

ஊரார் வண்டிகளையெல்லாம் ஓட்டியவர், தனக்கென்று ஒரு சைக்கிளோடு நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு. டீசல் நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மனைவி கைசர் ஜஹான் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைப்பாள். கிராம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். ஒருமுறை மகளின் சோதனைக் கூடத்தைப் பார்க்கச் சென்னை போனார். பேரிங் ஒன்று இயந்திரத்தில் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை எது வரைக்கும் ஓட்டுவீங்க?"

"விரியற வரைக்கும் பாவா."

"ஐயோ பாவம்," என்றார்.

திங்கட்கிழமை அவர் பட்டறைக்குப் போவதற்கு முன்பே ராஜேந்திரன் வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, வண்டியைக் கொண்டு போய்விட்டார். அது எப்போதும் நடப்பதுதான். ஜியாவுல்லா போனில் பிடித்தார். சதஃப் பக்கத்தில் இருந்தாள்.

"ஆளு ஏத்தாத ராஜேந்திரா. வியாழக்கிழமை நானே வரேன். ஒரு சின்ன வேல பாக்கி."

"ஆயில் மாத்தறதுதான பாய்? வாங்க வாங்க, வீட்லயே சாப்பாடு."

என்ன வேலை என்று ஜியாவுல்லா சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்று நினைத்திருப்பார்.

புதன்கிழமை விடியற்காலை தொழுகைக்குக் கைகால் கழுவப் போனவர், குழாயடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உள்ளுக்குள்ளேயே இருந்திருக்கும், வெளியே தெரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். சதஃப் அந்த இடத்தை விட்டு எழுந்து உள்ளே போனாள்.

மதியம் தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. பெண்களோடு உள்ளறையில் இருந்த சதஃபுக்கு ஜன்னல் வழியே பார்க்கத் தேவை இருக்கவில்லை. சத்தமே இல்லாத அந்த இஞ்சின். கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் பாய்க்கு வேண்டியவர்கள் எல்லோரையும் ராஜேந்திரன் ஏற்றி வந்திருந்தார். வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அழுதார்.

"கேட்டுப் பாருங்கையா அந்த இஞ்சினை! எந்தக் கம்பெனிக்காரன் கட்டுவான் இப்பிடி? மனுசன் கடைசி கையெழுத்துப் போட்ட மாதிரி போட்டுட்டுப் போயிட்டாரு!"

ஆமாம் ஆமாம் என்றது தெரு. அப்போது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சதஃப் எழவில்லை. நீ சொல்லாத என்றிருந்தார். சொல்ல வேண்டியவர் முற்றத்தில் வெள்ளைத் துணியில் இருந்தார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள் ஜியாரத். ஓதினார்கள், சாப்பாடு போட்டார்கள், கலைந்தார்கள். சதஃபுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு அது குறையாகப்பட்டது. பள்ளிக்கூடம் போகும் நேரமும் விடும் நேரமும் வரும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். கைசர் ஜஹான் முழுவதும் கேட்டாள்.

"அவர் பேரு கெடும்," என்றாள் சதஃப்.

"பிள்ளைங்க போற வண்டி," என்றாள் கைசர் ஜஹான்.

சனிக்கிழமை காலை சதஃப் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

ராஜேந்திரன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். முன் கண்ணாடியில் ஜியாவுல்லாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எமரி, பூச்சு, விரிசல்.

ராஜேந்திரன் குழாயை மூடினார்.

"பாய் தப்புப் பண்ணாருன்னு சொல்றியா பாப்பா?"

"ஆமாண்ணா."

"பாய் சொன்னாரா? நீ சொல்றியா?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும் அவருக்கு. வியாழக்கிழமை வரேன்னாரே, அதுக்குத்தான். அவரே சொல்லணும்னு இருந்தாரு."

"ஆயில் மாத்தறதுக்குன்னு இல்ல நெனச்சேன்." படத்தைப் பார்த்தார். "ஓடுதேம்மா. நல்லாத்தான் ஓடுது. அவரு கடைசியா கை வெச்ச வண்டி. அதைக் கழட்டிப் போடச் சொல்றியே. வேற எவன் கையையாவது உள்ள விடச் சொல்றியே."

"நல்லாத்தான் ஓடும். பேந்துக்கற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்."

"நான் மெதுவா ஓட்டறேன்," என்றார் அழுதுகொண்டே.

சதஃபுக்கு அளவுகள் தெரியும், வரைபடம் போடத் தெரியும். அழும் மனிதரிடம் எதைக் காட்டுவது? ராஜேந்திரனின் மனைவி மணியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி இறங்கி வந்தாள்.

"மூணு நாளுதான் ஆச்சு. அப்பனைப் பொதைச்சுட்டு ஒரு பொண்ணு பஸ் ஏறி வந்து எங்கப்பன் தப்புப் பண்ணிட்டாருன்னு சொல்லுது. அதுக்கு என்னா வேண்டுதலா? நம்ம பொண்ணு இனியாவும் அந்த வண்டியிலதான போறா?"

"நான் இல்லன்னு சொன்னேனா?"

"சாவியை இப்பிடிக் குடு."

ராஜேந்திரன் கொடுத்தார். மணியம்மாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திங்கக்கிழமைக்கு வேற வண்டி சொல்லு," என்றாள். சதஃபிடம், "சாப்ட்டியாம்மா?" என்றாள்.

சதஃப் சாப்பிட்டேன் என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை.

ராஜேந்திரன் படிக்கட்டில் உட்கார்ந்தார். "அருண்பிரசாத்னு ஒரு பையன் நம்ம சேத்துப்பட்டுல நல்லா வேல பாக்கறான்," என்றார். "எமரி போடாதன்னு நீ பக்கத்துல இருந்து சொல்லு. புது ஷெல் செட்டு எங்க கிடைக்கும்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்பா எப்போதும் வாங்கும் ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் செய்தாள். அப்பா பெயரைச் சொல்லி ஷெல் கேட்டதும் கடைக்காரர் குரல் தணிந்தது.

"பாய் திங்கக்கிழமையே சொல்லிட்டாரும்மா. வேலூர்ல இருந்து புதன்கிழமை மதியம் வந்துடுச்சு. மேல் தட்டுல வெச்சிருக்கேன்."

"பாவா வந்து எடுத்துக்கறேன்னாரா?"

"அன்னிக்குச் சாயங்காலம் வரேன்னாரு. சைஸ் பாக்கறேன்னு பாக்கெட்டைப் பிரிச்சிடாத, மேல விரல் படக் கூடாதுன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, என்னா பாய் புதுசா சொல்றீங்கன்னு கேட்டேன். அப்பிடித்தான்னாரு."