துடுப்பால் வாங்கிய அடி

எண்பதுகளில் நான் மருந்தியல் ஆய்வு மாணவன். கடல்பாம்பின் நஞ்சு, நரம்பின் கட்டளையை வாங்கும் தசை ஏற்பிகளை அடைத்துவிடும். அதிலிருந்தே ஒரு மருந்து கண்டுபிடித்து, சொந்தக் கம்பெனி தொடங்கிவிட வேண்டுமென்ற வெறி எனக்கு. வலையில் சிக்கும் பாம்பைக் கையால் தொடாமல் துடுப்பால் தள்ளிவிடுவதுதான் பொன்னேரிக்குப் பக்கத்துத் தோணிரேவு மீனவர்களின் வழக்கம். நான்தான் அங்கே வலை போடும் மாரியிடம் ஒரு பாம்பை உயிரோடு பானையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.

போடும்போது கடித்துவிட்டது. கரையில் கிடந்தவனுக்கு இமை சரிந்தது, மூச்சு தேய்ந்தது. நான் நோட்டை எடுத்து நேரம் குறித்தேன்.

அவன் மனைவி துடுப்பால் என் வாயிலேயே அடித்தாள்.

“எம் புருசன் சாவுறான், நீ இன்னாடா எழுதினுகீற?”

பல் தெறித்தது. அப்போதுதான் உறைத்தது: அவன் தசை இழுக்காத மூச்சை நான் அவன் வாயில் ஊதலாமே! ரத்தம் வழியும் வாயோடு பொன்னேரி ஆஸ்பத்திரிவரை வேனில் ஊதிக்கொண்டே போனேன்.

மாரி பிழைத்தான். நான் பல் கட்டிக்கொள்ளவில்லை. இன்றும் நோட்டைத் திறந்தால் நாக்கு அந்தப் பள்ளத்தைத்தான் தேடிப் போகிறது.