இங்க யாருக்குக் குளிருது?

சுனாமிக்கு அடுத்த வருடம் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, பிரான்சிலிருந்து ஒரு எம்பிராய்டரி மெஷினைக் கொண்டுவந்து சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் இறக்கினார். அங்கே புதிதாக ஒன்று வாங்கிவிட்டார், பழையதைத் தூக்கிப்போட மனசில்லை. "வீட்ல சும்மாதான இருக்கே, கத்துக்க. இனிமே உன்னுதுதான்" என்றார். மூன்று வேளை சமைப்பதும், துவைப்பதும், அவருடைய அம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்ப்பதும் சும்மா இருப்பதில் சேர்த்தி போலிருக்கிறது. அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுடையது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். நாத்தனார் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவரைக் கட்டிக்கொண்டு போனவர். ஒவ்வொரு ஆகஸ்ட் லீவுக்கும் வருவார். கேட்டைத் தட்டும்போது உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால் "செ முவா" என்பார். நான்தான் என்று அர்த்தம். நான்தான் என்று தமிழில் சொன்னால் கேட் திறக்காதா என்ன? மாமியாருக்கு மட்டும் அதைக் கேட்டதும் உச்சி குளிர்ந்துவிடும்.

மெஷினோடு வந்த புத்தகமும் பிரெஞ்சுதான். எனக்குத் தெரியக்கூடாத விஷயம் எதுவானாலும் அந்த வீட்டில் பிரெஞ்சில்தான் பேசுவார்கள். அதனால் யாரிடமும் அர்த்தம் கேட்க எனக்கு இஷ்டமில்லை. படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு குவில்ட் படம் இருந்தது. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவில் பஞ்சும் வைத்து, மூன்றையும் சேர்த்து மெஷினே இலையும் கொடியுமாகத் தைத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் அம்மாவின் புடவைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அம்மா அதற்கு முந்தைய வருடம்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். அவளுடைய நூல் புடவைகளை அண்ணன் வீட்டில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவனிடம் போட எடுத்து வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் வாளி வருமாம். நான் மூட்டையாகக் கட்டி, ஆட்டோவில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். கட்ட முடியாத அளவுக்கு நைந்தவை. பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே போர்வையாக்கி என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நடுவில் பஞ்சு என்றதும் எனக்குத் தெரிந்த பஞ்சு மெத்தைக்கடை இலவம் பஞ்சுதான். அதைத்தான் பரப்பினேன். ஊசி இறங்கிய ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் பஞ்சு மேலே எழும்பியது. மேலே ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அடிநூல் சுற்றிய பாபின் அடைத்து மெஷின் கத்தி நின்றபோது மாமியாரின் சாம்பாரில் பஞ்சு மிதந்தது. "வூடா இது, இல்ல மில்லா?" என்று கேட்டவர் அன்றைக்கே பிரான்சுக்குப் போன் போட்டார். நாத்தனார் சிரித்த சிரிப்பு எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. பஞ்சை வழித்துப் போட்டுவிட்டு, நடுவில் ஒரு பழைய பருத்திப் போர்வையை வெட்டி வைத்தேன். அது பறக்காமல் நின்றது.

பிறகும் லேசில் முடியவில்லை. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மூன்று அடுக்கும் சுருக்கமில்லாமல் உட்கார வேண்டும். பாதி இலையில் கரண்ட் போனால் மெஷினுக்கு எந்த இடத்தில் விட்டோம் என்பதே மறந்துவிடும், அந்தக் கட்டம் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். நைந்த துணியைப் பிரிக்கும்போது கிழியும். எத்தனையோ முறை அழுதேன், அதைவிட அதிகமாகத் திட்டினேன். அடுத்த ஆகஸ்ட் வருவதற்குள் முடித்துவிட்டேன். அம்மாவின் அரக்கு, பச்சை, கத்தரிப்பூ நிறம் எல்லாம் என் கட்டிலில் விரிந்து கிடந்தன.

லீவுக்கு வந்த நாத்தனார் அதைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மடித்துக்கொண்டு போய்த் தன் பெட்டியில் வைத்தார். கேட்கக்கூட இல்லை.

"அண்ணி, அது எங்கம்மா பொடவைங்க" என்றேன்.

"மெஷின் என்னுதுதானம்மா. அங்க பனி கொட்டுது. இங்க யாருக்குக் குளிருது?"

"கரெக்ட்டுதான" என்றார் மாமியார். கணவரைப் பார்த்தேன். "சும்மா விடு, ஒரு போர்வைக்குப் போயி" என்றார். அவருக்கும் அதே சும்மா. கிளம்பும் நாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் அன்று காலையில் நாத்தனாரின் பள்ளிக்கூடத் தோழி ஒருவர் வழியனுப்ப வந்தார். நான் காபி எடுத்துக்கொண்டு போனபோது பெட்டி திறந்திருந்தது. தோழி போர்வையின் தையலைத் தடவி பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நாத்தனார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "செ முவா."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான், அதுவே போதுமாக இருந்தது. காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

தோழி போனார், நாத்தனார் குளிக்கப் போனார். பட்டப்பகலில், மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்த அதே ஹாலில், பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்தேன். என் அறைக்குப் போய், கட்டிலில் படுத்து, கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம்.

மாமியார் வந்து வாசலில் நின்றார். "இன்னா, ஜொரமா?"

"குளிருது அத்தை."

அவர் டிவிக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஹாலில் நாத்தனாரின் குரல் எழும்பியது. கார் வேறு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பொட்டியத் தொறந்தது யாரு?"

வேர்வை காதுக்குள் வழிந்தது. துடைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வரைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"செ முவா."