அம்மாவின் தனி டம்ளர்

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் தம்பியைப் பற்றித்தான் பயம். முந்தின கார்த்திகையில் அவனுக்கு இளைப்பு வந்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தான். “இன்னொரு தடவை சளி பிடிக்க விட்டீங்கன்னா பிள்ளை தாங்காதும்மா” என்று டாக்டர் சொன்னதை அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நானும் கேட்டேன். எனக்கு அப்போது நாலாம் வகுப்பு.

அடுத்த வருஷமும் அடைமழை, ஊரெங்கும் காய்ச்சல். டீச்சர் கணக்கை மூடிவைத்துவிட்டு, சளிக்காய்ச்சல் தொற்றாமல் இருக்க வழி சொல்லிக்கொடுத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இருமுகிறவர்களிடம் ஒட்டி நிற்கக் கூடாது. ஒருவர் குடித்த டம்ளரில் இன்னொருவர் குடிக்கக் கூடாது. கழுவித் தனியாக வைக்க வேண்டும்.

கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதெல்லாம் அம்மா வேலைக்குப் போகிற பெரிய வீட்டில் என்றைக்கோ வந்துவிட்டதே! லீவு நாளில் கூடப் போகும்போது பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கென்று ஒரு டம்ளர், மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப்பக்கம் தள்ளி நிற்பாள். வீட்டுக்காரம்மா படியில் நின்று, பட்டுவிடாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவார். குடித்ததும் அம்மாவே கழுவிப் பழைய இடத்தில் செருகிவிடுவாள். சளி இல்லாத நாளிலும் இதே கவனம்தான். இவ்வளவு சுத்தம் பார்க்கிறவர்கள் ஜில்லாவிலேயே இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்று வகுப்பிலும் சொன்னேன். டீச்சர் “சரி, உக்காரும்மா” என்று போர்டை அழிக்கத் திரும்பிக்கொண்டார்.

அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் அம்மாவுக்குச் சளி இருக்கிறதா என்று கேட்டதில்லை.

அம்மா அந்த வாரம் இருமிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக ஒரு டம்ளரைக் கழுவி எங்கள் வாசல் கூரையில் செருகினேன். தம்பியைப் போர்த்தி மூலையில் உட்காரவைத்துவிட்டு, சுக்குத்தண்ணி கொதிக்கவைத்தேன்.

பெரிய வீட்டு வயலில் நடவு முடித்து அம்மா நனைந்து வந்தாள். வாசலிலேயே மறித்தேன்.

“உள்ள வராதம்மா, அங்கிட்டே நில்லு. கூரையில டம்ளர் இருக்கு பாரு, எடுத்து நீட்டு.”

இருந்த களைப்பில் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. எடுத்து நீட்டினாள். நான் படியில் எக்கி நின்று, சொம்பு டம்ளரில் படாமல் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவள் குடித்தாள், வடிகிற மழைத்தண்ணியில் டம்ளரை அலசினாள், கூரையில் செருகினாள். செருகிய கை அப்படியே நின்றுவிட்டது.

“யாருடி இத இங்க வச்சது?”

“நாந்தாம்மா. பெரிய வீட்டுல மாதிரியே. இனிமே ஒனக்கு இதுதான்.”

கெட்டிக்காரி என்பாள் என்று காத்திருந்தேன். அம்மா மழையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுகின. சளி முற்றிவிட்டது என்று எனக்குப் பயம். கையால் துடைக்காதே, தம்பிக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளே இருந்தபடியே அவளுக்குச் சொன்னேன்.