பழனியாண்டிக்கு வந்த தண்ணீர்ச் சீட்டு

விமலேஸ்வரி அக்காவின் கதையை எடுத்தால் ஆட்கள் முதலில் கேட்பது, "கிளிநொச்சியில அந்தக் காலத்தில கொம்பியூட்டரோ? என்ன புழுகு விடுறீர் ஞானேஸ்வரி?" என்றுதான். புழுகு இல்லை. கொம்பியூட்டர் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் ராசா மாதிரி இருந்தது. அது விடுகிற பிழைகளைப் பிடிக்கிற நாங்கள்தான் கிளிநொச்சி ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம்.

அக்கா கொழும்பில் ஒரு கொம்பனியில் புரோகிராம் எழுதியவர். எழுபத்தேழு ஓகஸ்ட் கலவரத்தில் உடுத்த சேலையோடு வந்து உருத்திரபுரத்தில் தமையன் வீட்டில் இறங்கினார். திரும்பிப் போகமாட்டேன் என்றுவிட்டார். நாலு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு பழைய முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, நீங்கள் எழுதினதை நீங்களே சரிபார்த்தால் எல்லாம் பொன்னாகத்தான் தெரியும், எனக்கு அனுப்புங்கள், நான் பித்தளையைப் பிடித்துத் தருகிறேன் என்று. முதலாளி சிரித்திருப்பார். ஆனால் அனுப்பினார்.

அப்படித்தான் எண்பத்தொன்றில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்தோம். எல்லோரும் கணக்கில் கெட்டிக்காரிகள், எல்லோரும் கம்பஸில் படிக்க இடம் கிடைக்காமல் வீட்டில் குந்தியிருந்தவர்கள். நாங்கள் எழுதிக் கொடுக்கிற விபரங்களைக் கொழும்பில் கொம்பியூட்டருக்குள் போடுவார்கள். அது கக்கிய விடைகள் கட்டுக் கட்டாக ரயிலில் வரும். அதே கணக்கை நாங்கள் கையால் செய்து, வரிக்கு வரி ஒப்பிடுவோம். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தோடு கொழும்பும் போயிற்று, வேலையும் போயிற்று. அதுவரைக்கும் இரண்டு வருடம் நாங்கள் மகாராணிகள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் வேலையில் எங்கள் மூக்கு நன்றாக உடைந்தது. எல்லாம் சரி என்று அனுப்பிய புரோகிராமில் பிறகு பதினேழு பிழை கண்டுபிடித்தார்கள். எனக்கு வாய் சும்மா கிடக்காது. இவள் விட்டது, அவள் விட்டது என்று கத்தினேன். அக்கா ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆர் விட்டது எண்டு எனக்கு வேண்டாம் ஞானேஸ். ஏன் கண்ணில படேல்லை எண்டு மட்டும் சொல்லு. அதை எழுதுவம்."

எழுதிப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். நாங்கள் கொடுத்த கணக்கெல்லாம் ஒழுங்கான கணக்கு. "நீங்கள் அதுக்குப் பிடிச்ச சாப்பாட்டையே தீத்திறியள். கல்லைப் போட்டுப் பாருங்கோ, பல்லு உடையுதோ எண்டு," என்றார் அக்கா. அன்றிலிருந்து கல் போட்டோம். காணியே இல்லாத விவசாயி, ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கிறவன், இரண்டு வாய்க்காலில் ஒரே நேரம் நிற்கிறவன். ஒருத்தி எழுதினதை அவளே சரிபார்க்கக் கூடாது என்றும் சட்டம் வந்தது. மூன்றாம் வேலையில் கொழும்புக்காரர் ஒரு பிழைகூடப் புதிதாகக் காணவில்லை. அக்கா எங்களுக்கு லட்டு வாங்கித் தந்தார்.

பிறகுதான் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தண்ணீர்ச் சீட்டு வேலை வந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலில் யாருக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று கொம்பியூட்டரே கணக்குப் போட்டுச் சீட்டு அடிக்கும். சீட்டைக் கொழும்பிலிருந்தே நேரே தபாலில் போடுவார்கள். அதைச் சோதிக்க எங்களுக்குப் பொய்யான விவசாயிகள் நூற்றிருபது பேர் வேண்டும். க, ங, ச என்று பெயர் வைத்தால் போதாது, மனிசரின் பெயர் மாதிரி இருக்கவேண்டும், விலாசமும் வேண்டும் என்றார் அக்கா. விலாசத்துக்கு அவரவர் வீட்டு விலாசத்தையே போட்டோம்.

பெயர்? அங்கேதான் வந்தது வினை. உயிரோடிருக்கிறவனின் பெயரை எழுதி அதற்குப் பக்கத்தில் 'காணி பூச்சியம்', 'காலமானார்' என்று போட எந்தக் கைக்கு மனம் வரும்? வாய்ச்சொல்லே பலிக்கும் என்கிற ஊர் இது, எழுத்துப் பலிக்காதா? நான் என் அப்பாவின் பெயரை எழுதினேன். அவர் போய் மூன்று வருடம், அவருக்கு இனி ஒன்றும் ஆகாது. ஒருவருக்கொருவர் கதைத்துப் பேசாமல் நாலு பேரும் அதையே செய்திருந்தோம். அக்கா பட்டியலைச் சத்தமாக வாசித்தார். வாசித்துக்கொண்டு போனவர் பாதியில் நிமிர்ந்தார்.

"இதில உயிரோட ஆரும் இருக்கினமோ?"

நாலு பேரும் இல்லை என்று தலையாட்டினோம்.

"அப்ப நல்லது. ஆருக்கும் இடைஞ்சல் இல்லை," என்றார்.

அந்த மாசம் முழுக்க அந்த அறையில் செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம். "உன்ர அப்பாவுக்குத் தண்ணி பிழைச்சுப்போச்சு." "பெரியம்மாவை ரெண்டு தரம் அடிச்சிருக்கு." "சின்னத்தம்பி மாமா இன்னும் வரேல்லை." முதல் நாள் சிரித்தோம். நாலாம் நாள் ஒருத்தியும் வாசலுக்கு முதுகு காட்டி இருக்கவில்லை. பட்டப்பகலில், யாரும் இருக்காத கதிரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவேன். பயமாகத்தான் இருந்தது, இதில் என்ன வெட்கம்? கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா என்று நெஞ்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் நாலு பேரில் அமராவதி மட்டும் தன் பெயர்களில் ஒன்றை எப்போதும் கடைசியாக, மெல்லமாக வாசிப்பாள். பழனியாண்டி, மூன்று ஏக்கர், ஏழாம் வாய்க்கால், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. அது அவளுடைய அண்ணன். மலைநாட்டில் தோட்டத் தொழிலாளர் லயத்தை எழுபத்தேழில் எரித்தபோது காணாமல் போனவன். அமராவதிக்கு அப்போது பதினைந்து வயது. தாய் மீனம்மா அவளை இழுத்துக்கொண்டு வன்னிக்கு வந்து, வயல் கூலி செய்து படிப்பித்தாள். மகன் வருவான் என்று நாள்தோறும் ஒரு கோப்பையில் சோறு எடுத்து மூடி வைக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் பூச்சியமும் ஆயிரமும் எழுதிய அமராவதி, அண்ணனுக்கு மட்டும் ஒழுங்கான காணி எழுதியிருந்தாள்.

வேலை முடிந்தது. சோதனைப் பெயர்களை அழித்துவிட்டு உண்மைப் பெயர்களை ஏற்றவும் என்று அக்கா எழுதி அனுப்பினார். எண்பத்துமூன்று சித்திரையில் சிறுபோக வெள்ளாமைக்குச் சீட்டுகள் புறப்பட்டன. கொழும்பில் அழிக்க வேண்டியவன் அழிக்கவில்லை. காணி பூச்சியம் என்று இருந்த என் அப்பாவைக் கொம்பியூட்டரே தள்ளிவிட்டது. ஒழுங்காக எழுதப்பட்ட பதினொரு செத்தவர்கள் தபாலில் ஏறி ஊருக்கு வந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியக்காலை நான் அக்கா வீட்டில் பூப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அமராவதி ஓட்டமாக ஓடி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நேத்து அண்ணன் பேருக்குச் சீட்டு வந்திருக்கு. தபால்காரர் வாசிச்சுக் காட்டியிருக்காரு. எழும்பிப் பாத்தா அம்மாவக் காணோம். மகன் தண்ணி தொறக்க வருவான்னு பக்கத்து வீட்ல சொல்லிட்டு வாய்க்காலுக்குப் போயிட்டாங்களாம்."

அக்கா சேலையைக்கூட மாற்றவில்லை. சைக்கிளை எடுத்தார். நான் அமராவதியை ஏற்றிக்கொண்டு பின்னால் மிதித்தேன். வழி முழுக்க அவள் முன்னால் போன அக்காவிடம் கெஞ்சிக்கொண்டு வந்தாள். "அக்கா, நான் எழுதினேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. செத்தவங்களோட சேத்து எழுதுனேன்னு தெரிஞ்சா அம்மா என்னைய மூஞ்சியில முழிக்க விடமாட்டாங்க."

ஏழாம் வாய்க்கால் கதவுக்குப் பக்கத்தில் மீனம்மா குந்தியிருந்தாள். தோய்த்த சேலை. மடியில் சோற்றுப் பெட்டி, பக்கத்தில் புது மண்வெட்டி. உண்மையில் அந்த நேரத்து முறைக்காரரான அப்புத்துரை அண்ணை வாய்க்கால் வரம்பில் நின்று முழித்தார்.

"பிள்ளையள், இந்த மனிசி கதவில கைவைக்க விடுதில்லை. தன்ர மகன்ர முறையாம்," என்றார்.

அக்கா அவளுக்கு முன்னால் மண்ணில் குந்தினார். "மீனம்மா, அந்தச் சீட்டுப் பிழை. கொம்பியூட்டரைச் சோதிக்கிறதுக்கு நாங்கள் எழுதின பேர் அது. அழிக்கச் சொன்னனான். அழிச்சாச்சோ எண்டு பாக்கேல்லை. என்ர பிழை."

மீனம்மா சோற்றுப் பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "பேர எழுதினது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"ஒங்களுக்கு எம் மகன எப்புடித் தெரியும், டீச்சரம்மா?"

அமராவதிதான் முன்னால் வந்தாள்.

"நான்தாம்மா எழுதினேன். எல்லாரும் செத்தவங்க பேர எழுதுனாங்க. நானும் எழுதினேன்."

கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். சத்தம் ஒன்றும் வரவில்லை.

"ஒனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்காத் தெரிஞ்சிச்சு. ஒங்ககிட்ட எப்புடிம்மா சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியும்டி," என்றாள் மீனம்மா. "லயத்துக்குப் பின்னால தேயிலைக்குள்ள கெடந்தான். தொட்டேன், அசையல. அவனைத் தூக்குறதா, ஒன்னைய இழுத்துக்கிட்டு ஓடுறதா? விட்டுட்டு வந்துட்டேன். அண்ணன் அந்தப் பக்கம் ஓடிட்டான்னு ஒனக்குச் சொன்னேன். நீ நம்பணும்னுதான்டி சோறு எடுத்து வச்சேன்."

அமராவதி அப்படியே வாய்க்கால் வரம்பில் குந்திவிட்டாள்.

"நேத்து இந்தச் சீட்டு வந்திச்சு. கவுருமெண்டுச் சீட்டு. அவுங்களுக்குத் தெரியாதா? அப்ப நாந்தான் தப்பாப் பாத்துட்டேனோ? மூச்சு இருந்திச்சோ? உசுரோட கெடந்தவனை விட்டுட்டு வந்துட்டேனோன்னு..." அவள் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. இது தப்புத்தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பிழைதான், மீனம்மா."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"பிழைதான். நீங்கள் பாத்ததுதான் சரி."

ஐந்தரை வருடமாக மகனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசி, மகளைக் கட்டிப்பிடித்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அப்புத்துரை அண்ணை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். அவருடைய முறை எட்டு மணியோடு முடிந்தது. அதுவரைக்கும் அவர் கதவைத் திறக்கவில்லை.