அச்சு தேய்ந்தது யாரால்?

"எண்ணெ உட்டது யாரு? அத்த மொதல்ல சொல்லு" என்று கேட்டுக்கொண்டேதான் செங்கல்வராயன் கிணற்றடிக்கு வருவார். வாயில் வேப்பங்குச்சி, தோளில் துண்டு. நகரியில் அவருடைய வரிசை வீட்டில் நாலு குடித்தனம். நாலுக்கும் கிணறு ஒன்று.

செலவைப் பிரிப்பதில் அவருக்கென்று ஒரு சட்டம். சுவரோடு நிற்பது வீட்டுக்காரனுடையது, கையில் புழங்குவது குடியிருப்பவருடையது. மின்சாரம் வந்தபோது கம்பி அவருடையது, பல்பு அவர்களுடையது. சுண்ணாம்பு அவர் வாங்குவார், அடிப்பது அவர்கள். கிணற்று ராட்டினம் அவருடையது, கயிறும் எண்ணெயும் முறை வைத்து நாலு வீட்டினுடையது. கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. அம்மை கண்ட வீட்டுக்கு மோர் அனுப்புவார். ஆனால் ஓர் ஆணி கழன்றால் யார் கை பட்டுக் கழன்றது என்று தெரிந்தாக வேண்டும்.

நெசவுக்காரன் பாலசுந்தரத்தின் மனைவி கிருஷ்ணம்மா போன ஆடியில் இரண்டு முறை சொன்னாள். "அண்ணா, ராட்டினம் ஆடிக்கினே கீது. அச்சு தேஞ்சி போச்சி."

"எண்ணெ உடாம இழுத்தா தேயாம இன்னாம்மா பண்ணும்? உங்க நாலு பேர்ல யாரு முறை தப்பிச்சீங்க? பேசிக்கினு வாங்க, மாத்தறேன்."

நாலு வீடும் பேசி முடியவில்லை. மூன்றாம் வாரம் இரும்பு ராட்டினம் கழன்று அவள் வலக்கையில் விழுந்தது. நூல் சுற்றுகிற கை. இரண்டு விரல்கள் விறைத்தபடியே ஆறின. அன்று சாயங்காலமே செங்கல்வராயன் புது ராட்டினம் மாட்டினார். பாலசுந்தரம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றான். அந்த வாரம் அவன் முறை.

இந்தப் பங்குனியில் எல்லை பிரித்துத் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றதும், பாலசுந்தரம் தறியைக் கழற்றிக்கொண்டு அங்கே கிளம்பிவிட்டான். "கோடு போட்டுட்டாங்கல்ல, அதான் போறான்" என்று டீக்கடையில் செங்கல்வராயன் சொன்னார். சர்லே, சரிதான் என்று கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கோட்டுக்கு முன்னாலேயே அவன் வீடு பார்க்கத் தொடங்கியது அவருக்குத் தெரியும். தப்பு என்னுது, இருங்க என்று சொல்லிவிட எட்டு மாதமாக வாய் வரை வருகிறது.

வண்டியில் சாமான் ஏறிவிட்டது. "அண்ணா, தாகமா கீது. சொம்பெல்லாம் மூட்டைல போயிட்ச்சி" என்றாள் கிருஷ்ணம்மா.

"இரும்மா, உள்ளேருந்து சொம்பு எத்தினு வரேன்."

"வாணாம்ணா, கையிலயே ஊத்து. வண்டிக்காரன் கத்தறான்."

அவரே இறைத்து வாளியைச் சாய்த்தார். குவித்த கையில் அந்த இரண்டு விரல்களும் சேரவில்லை. தண்ணீர் இடுக்கில் இறங்கி முழங்கை வழியே ஓடியது. வாய்க்குப் போவதற்குள் கை காலி. மறுபடி ஊற்றினார். வாளி தீர்ந்தது.

"போதும்ணா, நாங்க வரோம்."

செங்கல்வராயன் திரும்பிப் பார்க்காமல் வாளியை மறுபடி கிணற்றில் இறக்கினார்.