கவுதாரிக்கு விட்ட பொட்டு

எண்பத்து நான்காம் ஆண்டு, எனக்குக் கல்யாணம் பேசிய நேரம். சீதனமாகக் கொக்குவிலில் மதில் கட்டிய வீடு வேண்டுமா, தொண்டைமானாற்றில் நீரேரிக் கரையோடு கிடக்கும் புதர் மண்டிய பற்றைக் காணி வேண்டுமா என்று என்னைப் பெற்ற ஐயா கேட்டார். காணிதான் என்றேன். அந்தப் பற்றைகளுக்குள் முயலும் கவுதாரியும் பார்த்து வளர்ந்தவள் நான். "மதில் வீட்டை விட்டிட்டு நரியோடை குடும்பம் நடத்தப் போறாளாம்" என்று சொந்தம் முழுக்கச் சிரித்தது.

கல்யாணம் முடிந்து, காணியில் ஒரு சின்ன வீடு போட்டுக் குடிவந்தோம். என் கணவர் கொக்குவில்காரர். ரயில் சத்தத்தில் குறட்டை விடுகிற மனிதர், நரி ஊளையிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"இஞ்சாரும், நான் வேலி அடைக்கிறன். அதுக்குப் பிறகும் உந்தச் சீவன்கள் வளவுக்குள்ளை வந்தால் கொக்குவிலுக்கே போவம். சொல்லிப்போட்டன்."

வேறு வழியில்லாமல் ஓம், சரி என்றேன்.

பனையோலையால் நாலு பக்கமும் எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்தார். எங்கள் ஊரில் வேலி அடைத்தால் அயல்வீட்டார் வந்துபோக ஓரிடத்தில் சின்னச் சந்து விடுவார்கள். அதைப் பொட்டு என்போம். எங்களுக்குத்தான் அயலே இல்லையே, பொட்டு எதற்கு!

மறுநாள் காலை வேலிக்கு வெளியே கவுதாரி ஒன்று கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. வாழையடியைப் பார்த்தேன். ஐயோ, குஞ்சுகள் உள்ளே! இவர் கண்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். சேலையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் கண்டுவிட்டார். போய்க் கத்தியை எடுத்து வந்தார்.

"என்ன செய்யப் போறியள்?" என்று கத்தினேன்.

வேலியடியில் குந்தி, ஓலையை வெட்டி ஒரு வழி திறந்தார். "அயலுக்குப் பொட்டு விடாமல் ஆரும் வேலி அடைப்பினமே?"

தாய் கூப்பிட, குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓடிப் போயின. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்ப கொக்குவில்?" என்று மெல்லக் கேட்டேன்.

"உதுகள் எங்கை உள்ளை வந்ததுகள்? இருந்த இடத்திலை இருந்ததுகள். நாங்களெல்லோ சுத்தி அடைச்சனாங்கள்!"

அதன்பிறகு கிணற்று வாய்க்காலில் தண்ணீர் குடிக்கக் கவுதாரிகள் அந்தப் பொட்டால்தான் வரும். "அயல் வந்திருக்கு" என்று அறிவிப்பவரும் இவர்தான். பிறகு போரால் இடம்பெயர்ந்து எத்தனையோ வீடுகள் மாறிவிட்டோம். எங்களுக்கு முன்பே அங்கே குடியிருப்பது யார் என்று வளவைச் சுற்றிப் பார்க்காமல், எந்த வீட்டுக்கும் இவர் இன்றுவரை ஓம் சொன்னதில்லை.